கோணல் முக்கில் ஒரு ஏணி

ஏணியின் ஐந்தாம் படியில் நின்று, பலகையின் முகம் முழுக்க சோப்பு நுரையைப் பூசி முடித்ததும் அவர் ஒரு நிமிடம் சும்மா இருப்பார். அந்த ஒரு நிமிடம் எந்த வேலைக் கணக்கிலும் சேராது. சிவப்பும் எழுத்தும் நுரைக்குள் போய்விட, கம்பத்தின் உச்சியில் வெள்ளையாக ஏதோ ஒன்று மட்டும் நிற்கும். எதையும் சொல்லாத பலகை. கீழே வண்டிகள் எப்போதும் போலவே போய்க்கொண்டிருக்கும். ‘நில்’ என்று சொன்னபோதே நிற்காதவர்கள், சொல்லாதபோது மட்டும் நின்றுவிடவா போகிறார்கள்? பனி விலகாத காலையில் மேலேயிருந்து பார்க்கும்போது, தண்ணீருக்கடியில் மீன்கள் வளைந்து போவது போல இருக்கும். அவர் துணியைக் கையில் பிடித்தபடி அதிலேயே லயித்து நிற்பார். நுரை காய்ந்து கோடு விழ ஆரம்பித்த பிறகுதான் வந்த வேலை ஞாபகத்துக்கு வரும்.

முக்கில் இவருக்குப் பலகைக்காரர் என்று பெயர். சாலைப் பலகைகளைக் கழுவுவது, கழன்றதை முடுக்குவது, சாய்ந்ததை நிமிர்த்துவது. இருபத்திரண்டு வருஷமாக இதுதான் உத்தியோகம். தள்ளுவண்டியில் அலுமினிய ஏணியும் வாளிகளும் கிடக்கும். இடுப்பு பெல்ட்டில் ஒரு துணி வளையம் தைத்து, அதில் ஸ்பானரைச் செருகியிருப்பார். பிரஷ் என்ற பேச்சே கூடாது. “தேய்ச்சா தோல் போயிடும். அப்புறம் வெளிச்சம் பட்டா மின்னாது” என்பார், யாரோ குழந்தையைக் குளிப்பாட்டச் சொன்னது போல. ஃப்ளாஸ்க்கில் எப்போதும் வெந்நீர் வைத்திருப்பார். டீ என்று நினைத்து நீட்டிய தம்ளரோடு ஏமாந்தவர்கள் முக்கில் பலர் உண்டு. அது பலகையில் ஒட்டிவிட்டுப் போகிற விளம்பரத் தாள்களை ஊறவைத்து உரிக்க.

வேடிக்கை என்னவென்றால், இவருக்கு எந்த வண்டியும் ஓட்டத் தெரியாது. சைக்கிள்கூடத் தெரியாது. ஏன் கற்றுக்கொள்ளவில்லை என்று கேட்டால், “ஓட்டினா போயிடுவோமில்ல. நின்னாதானே பார்க்க முடியும்?” என்பார். அவர் மனைவியின் கருத்து வேறு. “ஆள் இங்க இருப்பாரு, மனசு எங்கயோ மேயப் போயிருக்கும். இவரு கையில வண்டியைக் கொடுத்தா ஊர் தாங்காது.”

ஊரில் இவர் பொறுப்பில் நானூற்றுச் சொச்சம் பலகைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் மாதம் ஒரு முறை கழுவினால் போதும். கோணல் முக்கில் இருக்கும் ‘நில்’ பலகைக்கு மட்டும் திங்கள்தோறும் குளியல். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. எல்லாரும் அவமானப்படுத்துகிற ஒருவரைப் போய்ப் பார்த்துவிட்டு வருவது போல, வாரத்தின் முதல் வேலையாக அங்கே போய்விடுவார்.

கோணல் முக்கைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் கதை விளங்காது. பாலத்திலிருந்து இறங்கி வரும் பெரிய சாலை, அந்த முக்கில் வளைந்து சந்தைப் பக்கம் போகிறது. வளைவின் எதிரே பள்ளிக்கூடத் தெரு வந்து சேருகிறது. பள்ளிக்கூடத் தெருவில் வருகிறவருக்குத் தன் தெருதான் நேரே பாலத்தில் ஏறுவது போலத் தோன்றும். கண்ணுக்கு நேர், சட்டத்துக்குக் கோணல். அதனால்தான் பள்ளிக்கூடத் தெருக்காரர்களைப் பார்த்து அந்த எட்டு மூலைச் சிவப்புப் பலகை நிற்கிறது. நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, அப்புறம் போக வேண்டும். போகிறார்கள். அந்த ஒன்றை மட்டும் தவறாமல் செய்கிறார்கள்.

ஏன் நிற்கவில்லை என்பதற்கு ஓட்டுநர்கள் சொல்லும் சமாதானங்களைப் பலகைக்காரர் சேர்த்து வைத்திருக்கிறார். சந்தை நெரிசலில் வண்டி தேங்கும்போது மேலேயிருந்து மெதுவாகக் கேட்பார். அவர் கேட்கிற தொனியில் யாருக்கும் கோபம் வராது. ரொட்டி வண்டிக்காரர் சொன்னது: “எனக்கு இல்லீங்க அது, புதுசா வர்றவங்களுக்கு.” வாடகைக் கார்க்காரர் ஒருவர்: “நில்னுதான் போட்டிருக்கு, எவ்வளவு நேரம்னு போடலையே. நான் மனசுக்குள்ள நின்னுட்டுதான் போறேன்.” வயதான ஒருவர் நிஜமாகவே வருத்தப்பட்டார்: “நான் நின்னா பின்னாடி வர்றவன் இடிச்சிடுவான் தம்பி. அவன் நிக்க மாட்டான்னு எனக்குத் தெரியும்.” கழுவும் நேரத்தில் தன் உடம்பு பலகையை மறைக்கிறது என்பது பலகைக்காரருக்குத் தெரியாததல்ல. “நான் மறைச்சா என்ன, மறைக்கலேன்னா என்ன” என்று சிரித்துவிட்டுத் தன் பாட்டுக்குத் துடைப்பார்.

அவர் மனைவியைப் பள்ளிக்கூடத்தில் வேன் அக்கா என்பார்கள். பிள்ளைகளை ஏற்றி, இறக்கி, சண்டை விலக்கி, மூக்கைத் துடைத்துவிடுகிற வேலை. பிள்ளைகள் பக்கம் முகம் இருக்க வேண்டும் என்பதால் வேனில் அவர் இருக்கை பின்னால் பார்த்தபடி இருக்கும். பதினோரு வருஷமாகத் தெருக்கள் தன்னைவிட்டு விலகிப் போவதை மட்டுமே பார்த்துவந்த பெண்மணி. வேன் ஓட்டுகிறவர் முழங்கால் வலியால் மாதக் கடைசியோடு விலகுகிறார் என்று தெரிந்ததும், தலைமை ஆசிரியையிடம் போய் நின்றுவிட்டார். “நான் ஓட்டறேன் டீச்சர். பதினோரு வருஷமா பின்னாடி பார்த்தே போயிட்டு வர்றேன். ஒரு தடவை முன்னாடி பார்த்துப் போகணும்.” தலைமை ஆசிரியை நல்ல மனுஷி. மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் வந்தால் இடம் உனக்கு, வராவிட்டால் வெளியில் ஆள் பார்ப்போம் என்றார்.

ஐம்பது வயதில் கற்றுக்கொள்ளப் புறப்பட்டவருக்குக் கை கால் எல்லாம் சீக்கிரமே படிந்துவிட்டது. பயம்தான் படியவில்லை. முதல் தேர்வில் வண்டி மேட்டில் அணைந்துபோனது. இரண்டாவதில் ஒரு கூம்பைத் தட்டிவிட்டார். மூன்றாவதுதான் கடைசி, அதற்கப்புறம் மறுபடி வரிசையில் நின்றால் மாதக் கடைசி தாண்டிவிடும்.

அந்த நாட்களில் அவர்கள் வீட்டுச் சமையலறையைப் பார்த்திருக்க வேண்டும். அடுப்பு அணைந்ததும் வேன் அக்கா முக்காலியில் உட்கார்ந்து, சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொள்வார். எதிரே பலகைக்காரர் பாத்திர மூடிகளோடு நிற்பார். வட்ட மூடி என்றால் நுழையாதே. அதையே தலைக்கு மேலே தூக்கினால் முந்தாதே. எட்டு மூலைக்கு மூடி கிடைக்காமல் பிஸ்கட் பெட்டியின் அட்டையை வெட்டி, சிவப்புத் தாள் ஒட்டி வைத்திருந்தார். ஜன்னலில் பாதி வெயில் விழுந்து, பாத்திரங்களின் ஆவி இன்னும் அடங்காமல் இருக்கும் நேரம். அவர் அட்டையைத் தூக்குவார். வேன் அக்கா காலால் தரையை அழுத்துவார். இல்லாத வண்டி நிற்கும். இல்லாத தெருவில் இருவரும் இரண்டு பக்கமும் பார்ப்பார்கள்.

“யாரும் நிக்காத இடத்துலயும் நிக்கணுமாங்க?”

“நீ நில்லு. மத்தவங்களை விடு.”

அவ்வளவு அழகாகச் சொல்லிக்கொடுத்த மனிதர்தான் அந்தத் திங்கட்கிழமை அந்தக் காரியத்தைச் செய்தார்.

ஏதோ ஒரு லாரி உரசிவிட்டுப் போனதில் கோணல் முக்குப் பலகை ஆடிக்கொண்டிருந்தது. கழற்றி இறக்கி, நடைபாதையில் உட்கார்ந்து மடியில் வைத்தே கழுவினார். மறுபடி மாட்டப் போனால், ஏணி சாய்க்கிற இடத்தில் ரொட்டி வண்டி நிற்கிறது. ரொட்டிக்காரர் கடைக்குள் பேச்சில் இருந்தார். சரி என்று ஏணியைக் கம்பத்தின் இன்னொரு பக்கம், பாலத்துச் சாலைப் பக்கமாகச் சாய்த்து ஏறினார். மனம் வெள்ளிக்கிழமைத் தேர்வுக்குப் போய்விட்டது. வேன் வருவதும், அதில் அவள் முன்னால் உட்கார்ந்திருப்பதும், ஏணியில் நிற்கும் தன்னைப் பார்த்து ஹாரன் அடிப்பதும் சினிமாப் படம் மாதிரி ஓடியது. இருபத்திரண்டு வருஷமாக அவர் மாட்டுகிற பலகை ஒவ்வொன்றும் அவர் நெஞ்சைப் பார்த்தபடிதான் இருக்கும். அன்றும் நெஞ்சைப் பார்த்தபடியே முடுக்கினார். இறங்கினார். தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த பகுதிக்குப் போய்விட்டார்.

ஆக, பள்ளிக்கூடத் தெருவைப் பார்க்க வேண்டிய ‘நில்’, பெரிய சாலையைப் பார்த்து நின்றது. ஐந்து நாள். எத்தனை ஆயிரம் வண்டிகள் போயிருக்கும்! ஒருவர் நிற்கவில்லை. ஒருவர் கேட்கவில்லை. இந்தப் பக்கம் பலகை இல்லாமல் போனது இவர்களுக்கும் தெரியவில்லை, அந்தப் பக்கம் புதிதாக ஒன்று முளைத்தது அவர்களுக்கும் தெரியவில்லை. முக்கு பாட்டுக்கு அதே குழப்பத்தோடு ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பாலத்திலிருந்து ஒரு கார் இறங்கியது. வேன் அக்கா ஓட்டினார். பக்கத்தில் தேர்வு அதிகாரி, மடியில் அட்டையும் தாளும். வளைவு வந்தது. எட்டு மூலை, சிவப்பு, கழுவின முகம். வேன் அக்காவின் கால் தானாக அழுத்தியது. கார் கோட்டில் வைத்தது போல நின்றது. பின்னால் வந்த ரொட்டி வண்டி கிறீச்சிட்டு, ஒரு முழம் விட்டு நின்றது. அதற்குப் பின்னால் ஏழெட்டு ஹாரன்கள்.

“எதுக்கு நிறுத்தினீங்க?”

“பலகை இருக்கு சார்.”

அதிகாரி தலையைத் திருப்பவில்லை. “இருபது வருஷமா தினம் இந்த வழியா போறேம்மா. இந்தப் பக்கம் பலகையே கிடையாது.” தாளில் எழுதினார்: காரணமின்றி வளைவில் நிறுத்தினார். தேர்ச்சியில்லை.

வீட்டுக்கு வந்த வேன் அக்கா அழவில்லை. முக்காலியில் போய் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். “இருந்துச்சுங்க. சிவப்பு. நீங்க காட்டின அட்டை மாதிரியே.”

பலகைக்காரர் யோசித்துப் பார்த்தார். ஊரின் பலகைகள் எல்லாம் அவருக்குக் கனவில்கூட வரிசை தவறாது. “அந்தப் பக்கம் கிடையாதே” என்றார், மெல்ல. “பதட்டத்துல உனக்கு அப்படித் தோணியிருக்கும்.”

அவர் ஒரு நொடி கணவரைப் பார்த்தார். “சரி. இல்லேன்னா இல்ல” என்று எழுந்து, மூடிகளை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் பாத்திரத்தின் மேல் வைத்தார். அட்டையை அலமாரிக்குப் பின்னால் செருகினார்.

சனிக்கிழமை கோணல் முக்கில் அவருக்கு வேலை இல்லை. ஆனாலும் தள்ளுவண்டியோடு கால் அங்கே இழுத்துக்கொண்டு போனது. பனியில் கம்பம் மட்டும் முதலில் தெரிந்தது. பிறகு பலகையின் முதுகு. பள்ளிக்கூடத் தெருவிலிருந்து வருகிறவருக்கு முதுகு தெரியக் கூடாது. கம்பத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். எட்டு மூலையும் பளிச்சென்று அவரையே பார்த்தன.

ஸ்பானர் இடுப்பில் இருக்கிறது. இரண்டு நிமிட வேலை. திருப்பி வைத்துவிட்டால் உலகத்தில் ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியப் போவதில்லை. ஐந்து நாளாகப் பார்க்காதவர்கள் இனிமேலா பார்க்கப் போகிறார்கள்? ஸ்பானரை எடுத்தும்விட்டார். எடுத்த கை அப்படியே நின்றது. திருப்பிவிட்டால் அவள், இல்லாத பலகையைப் பார்த்தவள் ஆகிவிடுவாள். ஆபீசில் மட்டுமில்லை, வீட்டிலும். முன்தினம் மூடிகளை எடுத்து வைத்த அந்தக் கைகள் நினைவுக்கு வந்தன. அவருக்கு அழுகை வந்தது. வரட்டும் என்று விட்டார். ஏணியைக் கம்பத்தில் சாய்த்து, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

காத்திருந்தது தேர்வு அதிகாரிக்காக. தினம் இந்த வழியாகத்தான் போவதாக அவரே சொல்லியிருக்கிறாரே. எட்டரை மணிக்குப் பாலத்திலிருந்து, தேர்வு ஆபீஸ் வாசலில் அவர் முன்பே பார்த்திருந்த ஸ்கூட்டர் இறங்கியது. பலகையைத் தாண்டி, நிற்காமல், தலையைத் திருப்பாமல் அழகாக வளைந்தது. பலகைக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“என்ன விஷயம்?”

“கொஞ்சம் மேல பாருங்க சார்.”

அதிகாரி ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“இது எப்போ இருந்து?”

“திங்கக்கிழமையில இருந்து.”

“நான் தினமும் போறேனே.”

“ஆமா சார். எல்லாரும் போறாங்க.”

“லாரி ஏதாவது இடிச்சுத் திருப்பிடுச்சா?”

கையில் கொண்டுவந்து கொடுத்த பதில். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். லாரி மறுபடி வந்து சாட்சி சொல்லப் போவதில்லை. “இல்ல சார்” என்றார் பலகைக்காரர். “ நான்தான் தப்பா மாட்டினேன். நேத்து இங்க நின்னது என் வீட்டுக்காரி. அவ பார்த்தது நிஜம்.”

“எழுதிக் கொடுப்பீங்களா? உங்க ஆபீசுக்கும் ஒரு நகல் போகும்.”

ஸ்கூட்டர் சீட்டின் மேல் தாளை வைத்து எழுதினார். கை ஈரத்தில் மை இரண்டு இடத்தில் பரவியது. அதிகாரி அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, போகாமல் நின்றார். பலகைக்காரர் ஏறிப் பலகையைத் திருப்பி முடுக்குகிற வரை கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டவர் அந்த அதிகாரிதான். கடைசி மறை முடுக்கும்போது பள்ளிக்கூடத் தெருவிலிருந்து ரொட்டி வண்டி வந்தது. அதிகாரி கையை நீட்டி, “ஏம்பா, நில்னு போட்டிருக்கு, கண்ணு தெரியல?” என்றார்.

“எனக்கு இல்லீங்க அது” என்று சொல்லிக்கொண்டே ரொட்டி வண்டி போய்விட்டது.

வீட்டில் வேன் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். பலகைக்காரர் வாசலிலேயே நின்று சொன்னார்: “இருந்துச்சு. நீ பார்த்தது நிஜம். நான்தான் மாத்தி மாட்டியிருக்கேன்.”

மடித்த துணியைக் கீழே வைக்காமலே அவர் கேட்டார். “ஊர்ல ஒருத்தர்கூட நிக்கலையா?”

“நீ மட்டும்தான்.”

வேன் அக்கா துணியை அப்போதுதான் கீழே வைத்தார். “நேத்தே நம்பியிருந்தா ஒரு நாள் நிம்மதியா தூங்கியிருப்பேன்.” அப்புறம் வேன் அக்காவே அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி, அந்த அட்டையை எடுத்துத் தூசி தட்டி அவர் கையில் கொடுத்தார். முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவர் எழுதிக் கொடுத்த தாளை வைத்து, வரிசையில் நிற்காமலே அடுத்த புதன்கிழமை மறுதேர்வு கிடைத்தது. அதிகாரியின் தாளில் இந்தத் தடவை ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது: தேர்ச்சி. மாதம் முடிய இன்னும் நாலு நாள் இருந்தது.

பலகைக்காரரின் ஆபீசும் சும்மா இருக்கவில்லை. மேற்பார்வையாளர் கூப்பிட்டு, “திருப்பி வச்சுட்டுப் பேசாம இருந்திருக்கலாம்ல? எழுதி வேற கொடுத்துட்டீங்க, நான் என்ன பண்றது?” என்று தலையில் அடித்துக்கொண்டார். இனி பலகைகளைக் கழுவலாம், கழற்றவோ மாட்டவோ கூடாது என்று உத்தரவு வந்தது. ஸ்பானரை வாங்கி மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார்கள். இடுப்பு பெல்ட்டில் அந்தத் துணி வளையம் மட்டும் இப்போது காலியாகத் தொங்குகிறது. ஏணியில் ஏறும்போது பழக்கத்தில் கை ஒரு முறை அங்கே போய்விட்டு வரும். அந்த இடம் வெறுமையாக இருப்பது அவருக்கு வலிக்கத்தான் செய்கிறது. கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்.

திங்கட்கிழமைகளில் இன்னும் அதே ஐந்தாம் படி, அதே நுரை. மீன்கள் அதே மாதிரி வளைந்து போகின்றன. ஆனால் எட்டரை மணிக்குக் கொஞ்சம் முன்பே நுரையை வழித்துவிடுகிறார். இப்போதெல்லாம் காய விடுவதில்லை.

பள்ளிக்கூடத் தெருவின் கடைசியில், பனிக்குள் முதலில் இரண்டு விளக்குகள் தெரிகின்றன. அப்புறம் மஞ்சள் வேன். ஸ்டியரிங்கின் இரண்டு பக்கமும் இறுகப் பிடித்த கைகள். பின்னால் ரொட்டி வண்டி, அவசரத்தில், இப்போதே ஹாரனில் கை வைத்தபடி. ஊரில் ஒரே ஒருத்தி பார்க்கிற பலகை அது. பலகைக்காரர் ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, ஏணியின் ஓரத்துக்கு ஒற்றைக் காலில் நகர்ந்து, உடம்பை முழுக்க வெளியே சாய்த்து, பலகையை மறைக்காமல் நிற்கிறார்.